மழைக்கும் கணக்கு உண்டு

அடை மழை பிடித்தால் மண் சரியுமோ என்று நாம் பயப்படுகிறோம். கல்முனைப் பக்கத்துச் சனங்களுக்கு வேறு பயம்: தண்ணீர் வீட்டுக்குள்ள வந்துருமோ என்று. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கும் கல்லோயா, சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, வயல்களைத் தாண்டி, கல்முனைக்குத் தெற்கே கடலில் சேருகிறது. ஆகவே அவர்கள் பாடு நமக்குத் தூரமானது இல்லை.

2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் குறுக்கே பாய்ந்தது. மத்ரசா விட்டு வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மாணவர்கள் பலர் உயிரிழந்தார்கள். இத்தனை மழைக்கு இந்த வீதியில் இவ்வளவு தண்ணீர் ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா? பெருமளவுக்கு முடியும். அதற்குத்தான் கணனி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீற்றர் இடத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவின் கூரை ஏறக்குறைய 11 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழைக்கு அந்த ஒரு கூரையில் மட்டும் 1,100 லீற்றர்!

தேயிலை மலையில் கொஞ்சத்தை மண் குடிக்கும். மிச்சம் கானில் ஓடும். டவுனில் தாரும் சீமெந்தும் தண்ணீர் குடிக்காது. கல்முனையோ தட்டையான ஊர்; ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் தாழ்நிலமும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் தண்ணீருக்குப் போக வழியில்லை.

கணனியில் ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு உயரம், மண்ணா சீமெந்தா, கான், மதகு எவ்வளவு அகலம், கடல் மட்டம் என்ன என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு கணக்கில் மழையைப் பெய்ய விடுகிறார்கள். தண்ணீர் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு இறங்குது, எங்கே தேங்குது என்று கணனி காட்டும். பழைய வெள்ளம் சுவரில் விட்ட கறையோடு ஒப்பிட்டு, கணக்குச் சரியா என்று பார்ப்பார்கள்.

2010 நவம்பரில் கொழும்பில் பாராளுமன்றப் பகுதியே வெள்ளத்தில் நின்றது. 2012இல் தொடங்கிய வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் இப்படிக் கணக்குப் பார்த்தார்கள். சதுப்பு நிலத்தை நிரப்பினால் வெள்ளம் கூடும் என்பது தெளிவானது.

ஆனாலும், கானில் பொலித்தீன் அடைச்சிருக்குன்னு யாரும் சொல்லாவிட்டால் கணனிக்குத் தெரியாது. சரியான அளவு கொடுப்பவர் மனிதர்தான்.

நாமும் அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலையில் அடிமட்டத்தால் அளந்து, பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு. 100 என்றால் புறப்படத் தயார். 150 என்றால் சரிவை விட்டு வெளியேற வேண்டும். இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. அவசரத்துக்கு 117.

2025 நவம்பரில் 'டித்வா' புயல் மலையகத்தில் எத்தனை வீடுகளை மூடியது என்பதை நாம் மறக்கவில்லை. சாமான் போனால் வாங்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் கிளம்புவோம்.