வயது கூடி, கிரெடிட் குறைந்த மாணவர்க்கு நியூயார்க்கில் உள்ள வழிகள்

நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகளில் உயர்நிலைப் படிப்பு என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகளைக் குறிக்கும். ஆனால் ஒரு மாணவர் படிப்பை முடித்தாரா என்பதை அங்கே தீர்மானிப்பது அவர் உட்கார்ந்திருக்கும் வகுப்பு அன்று, அவர் சேர்த்துவைத்திருக்கும் கிரெடிட்டுகளே. ஒரு பாடத்தை ஓர் அரையாண்டுப் பருவம் முழுவதும் படித்துத் தேறினால் ஒரு கிரெடிட் கிடைக்கும். இவ்வாறு 44 கிரெடிட்டுகள் சேர வேண்டும் என்பதும், அவற்றுள் ஆங்கிலத்துக்கு 8, சமூக அறிவியலுக்கு 8, கணிதத்துக்கு 6, அறிவியலுக்கு 6 என்று கட்டாயப் பங்கீடு உண்டு என்பதும் விதி. இவற்றோடு ரீஜென்ட்ஸ் எனப்படும் மாநிலப் பொதுத்தேர்வுகள் ஐந்தில் தலா 65 மதிப்பெண்ணும் பெற்றால்தான் ‘டிப்ளமா’ என்று அங்கு வழங்கும் பள்ளியிறுதிச் சான்று கைக்கு வரும். ரீஜென்ட்ஸ் கட்டாயத்தை 2027-28 கல்வியாண்டு முதல் நீக்க மாநிலக் கல்வி நிர்வாகம் திட்டமிட்டிருப்பினும், கிரெடிட் கணக்கு அதனால் மறைந்துவிடப் போவதில்லை.

வயதுக்கும் கிரெடிட்டுக்கும் இடையே இரண்டாண்டோ அதற்கு மேலோ இடைவெளி விழுந்த மாணவர்களை அந்நகரக் கல்வித்துறை ‘வயது மிகுந்து கிரெடிட் குறைந்தோர்’ என்று தனி வகையாகவே கருதுகிறது. 2005-ஐ ஒட்டி நகர நிர்வாகம் எடுத்த கணக்கில், பள்ளியில் இருப்போரும் இடைநின்றோருமாக அத்தகையோர் ஏறத்தாழ 1,38,000 பேர் இருந்தனர். பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 17 வயதை எட்டும் கல்வியாண்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கட்டணமின்றிப் படிக்கும் உரிமையோ 21 வயதை எட்டும் கல்வியாண்டின் இறுதிவரை நீள்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதால், பதினெட்டு வயதிலேயே ‘இனி இடமில்லை’ என்று நம்பி வெளியேறுவோர் பலர். எந்த வழியைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை, எத்தனை கிரெடிட் மிச்சம், 21-க்கு எத்தனை பருவம் மிச்சம் என்ற இரண்டு எண்களுக்குள்தான் பெரும்பாலும் இருக்கிறது. மாணவரின் விருப்பமும் குடும்பத்தின் அவசரமும் அதற்குப் பிறகே வர வேண்டியவை.

முதல் வழி, இருக்கும் பள்ளியிலேயே தொடர்ந்து, கோடை வகுப்புகளாலும் விட்ட கிரெடிட்டை ஈடுசெய்யும் சிறு பயிற்சிகளாலும் இடைவெளியை நிரப்புவது. நான்கைந்து கிரெடிட் மட்டுமே பின்தங்கியவர்க்கு இது போதும். அதற்கு மேல் போனால் போதாது. ஈடுசெய் கிரெடிட்டுகளுக்கு நகர விதியே வரம்பு கட்டியிருக்கிறது.

இரண்டாவது வழியான ‘டிரான்ஸ்ஃபர் பள்ளி’ விரிவாகப் பார்க்கத் தக்கது. வேறொரு உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டாவது படித்துப் பின்தங்கியவர்களை, ஏறத்தாழ 16 முதல் 21 வயதுவரை, சேர்த்துக்கொள்ளும் சிறிய முழுநேரப் பள்ளிகள் இவை. நகரெங்கும் ஐம்பதளவில் உள்ளன. இவை தரும் சான்று மற்றப் பள்ளிகள் தரும் அதே சான்றுதான். பல பள்ளிகளில் ஒரு சமூகத் தொண்டு நிறுவனம் உடனிருந்து, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகரைப் பொறுப்பாக்குகிறது. காலை மணி அடித்தும் மாணவர் வரவில்லையென்றால் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பவரும், வேலைநேரம் பள்ளிநேரத்தோடு மோதினால் வழிசெய்பவரும் இவரே. குட் ஷெப்பர்ட் சர்வீசஸ் நிறுவனத்தோடு இணைந்து இயங்கும் சவுத் புரூக்ளின் கம்யூனிட்டி உயர்நிலைப் பள்ளி இம்முறைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1972-இல் தொடங்கிய ‘சிட்டி-ஆஸ்-ஸ்கூல்’ என்னும் பள்ளியோ, அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் அருங்காட்சியகங்களிலும் பெறும் களப்பயிற்சிக்கே கிரெடிட் வழங்குகிறது. குறையும் இல்லாமல் இல்லை: ஒவ்வொரு பள்ளியும் நேர்காணல் வைத்துத் தானே சேர்க்கை நடத்துவதால், கைவசம் மிகக் குறைந்த கிரெடிட் உள்ளவரைச் சில பள்ளிகள் தயங்கியே ஏற்கின்றன. மிகவும் பின்தங்கியவர்க்கென எழுந்த பள்ளி அவர்களிலும் தேறியவரைத் தேடுவது முறையா என்று கேட்பதில் நியாயம் உண்டு.

மூன்றாவது வழி ‘யங் அடல்ட் பரோ சென்டர்’ எனப்படும் மாலை மையம். 17½ வயது நிரம்பி, உயர்நிலைப் படிப்பின் ஐந்தாம் ஆண்டிலாவது இருந்து, 17 கிரெடிட்டாவது வைத்திருப்பவர் இதில் சேரலாம். பகலில் வேலைக்குப் போகிறவர்க்கும் கைக்குழந்தை உள்ள தாய்மார்க்கும் ஏற்றவாறு வகுப்புகள் பிற்பகலிலும் மாலையிலும் நடக்கும். முடித்த பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை, குறைந்த பாடங்களை மட்டும் படித்தால் போதும். சான்றை மையம் தருவதில்லை, மாணவரின் பழைய பள்ளியே தருகிறது. டிரான்ஸ்ஃபர் பள்ளிகள் பலவற்றில் உள்ளதுபோல் இங்கும் ஊதியத்தோடு கூடிய களப்பயிற்சித் திட்டம் உண்டு. ஆனால் மாலை மையத்தில் பள்ளி என்னும் சூழல் மெலிந்தே இருக்கும். தானாக எழுந்து வரும் பழக்கம் உள்ளவர் இங்கு விரைவில் கரையேறுவர், அப்பழக்கம் இல்லாதவர்க்கு டிரான்ஸ்ஃபர் பள்ளியே பொருத்தம்.

நான்காவதான ஜி.இ.டி. தேர்வுதான் பலரும் முதலில் கேள்விப்படுவது. கடைசியாக எண்ண வேண்டியதும் அதுவே. இரண்டாம் உலகப் போரில் படிப்பை விட்டுப் படையில் சேர்ந்தவர்களுக்காக 1942-இல் உருவான இத்தேர்வில் கணிதம், மொழி, அறிவியல், சமூக அறிவியல் என நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 200-க்கு 145 பெற்றால் மாநிலம் உயர்நிலைச் சமநிலைச் சான்று வழங்கும். நியூயார்க் மாநிலத்தில் வசிப்போர் கட்டணமின்றி எழுதலாம். 21 வயதுக்குட்பட்டோரை ‘பாத்வேஸ் டு கிராஜுவேஷன்’ என்னும் நகரத் திட்டம் இதற்கு இலவசமாகப் பயிற்றுவிக்கிறது. முன்பே தேறிய ரீஜென்ட்ஸ் தேர்வுகளை அந்தந்தத் தாளுக்கு ஈடாகக் காட்டலாம் என்பதால் பழைய உழைப்பு முற்றும் வீணாவதில்லை.

கல்லூரிகளும் மத்தியக் கல்வி உதவித்தொகையும் இச்சான்றை ஏற்கின்றன. வேலைச்சந்தை அதே அளவு ஏற்பதில்லை. பொருளியலுக்கான நோபல் பரிசை 2000-இல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், ஸ்டீபன் கேமரானுடன் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், இச்சான்று பெற்றோரின் ஊதியம் பள்ளியை முடித்தோரைவிட இடைநின்றோரையே ஒத்திருந்தது என்று காட்டினார். தேர்வு அறிவை அளக்கிறது, நான்காண்டு விடாது வந்துபோகும் உறுதியை அளப்பதில்லை என்பது அவர் பின்னர் விரித்துரைத்த காரணம். அமெரிக்க ராணுவமும் இவர்களை இரண்டாம் அடுக்கில் வைத்துக் குறைந்த எண்ணிக்கையிலேயே சேர்க்கிறது. கல்லூரிக் கிரெடிட் 15 சேர்த்தால் முதல் அடுக்குக்கு ஏறலாம்.

21-ஐக் கடந்தவர்க்கும் கதவு அடைபடுவதில்லை. முதியோர் கல்வி வகுப்புகளில் சேர்ந்து ஜி.இ.டி. எழுதலாம், அல்லது குறிப்பிட்ட பாடங்களில் 24 கல்லூரிக் கிரெடிட் பெற்று அவற்றைக் காட்டியே சமநிலைச் சான்று வாங்கலாம், ஆயினும் பள்ளிச் சான்றின்றிக் கல்லூரியில் சேர்பவர்க்கு உதவித்தொகை எளிதில் கிடைக்காது.

இவற்றைப் பொருத்திப் பார்த்தால், 17 வயதில் 10 கிரெடிட் மட்டும் உள்ளவர்க்கு 34 மிச்சம். ஆண்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்ற வேகத்தில் 20 வயதுக்குள் முடிக்கலாம் என்பதால் டிரான்ஸ்ஃபர் பள்ளியே அவர்க்கு வழி. பதினெட்டரை வயதில் 30 கிரெடிட் உள்ளவர் மாலை மையத்தில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் முடித்துவிடுவார், அவரை ஜி.இ.டி.க்குத் தள்ளுவது அநியாயம். 20 வயதில் 12 கிரெடிட்டோடு நிற்பவர்க்குக் கணக்கு ஒத்துவராது. அவர் தயக்கமின்றி ஜி.இ.டி.யை எடுக்கலாம். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பதினாறு, பதினேழு வயதில் குடியேறிய மாணவர் தம்மைப் பின்தங்கியவர் என்று முடிவுகட்டுமுன், ஊரில் படித்த வகுப்புகளின் மதிப்பெண் பட்டியல்களைப் பள்ளியில் கொடுத்துக் கிரெடிட் கேட்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுக் கிரெடிட் வழங்கும் அதிகாரம் பள்ளி முதல்வருக்கு உண்டு. ஜி.இ.டி. தாள்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் மட்டுமே உள்ளன என்பதும் இவர்கள் அறியத் தக்கது.

வயது கூடிய மாணவரை வெளியே அனுப்பிவிட்டால் தேர்ச்சிக் கணக்கு மேம்படும் என்ற சபலம் பள்ளிகளுக்கு இல்லாமல் இல்லை. இத்தகைய வெளியேற்றத்தை எதிர்த்து 2003-இல் அந்நகரப் பள்ளியொன்றின் மாணவர்கள் நீதிமன்றம் வரை சென்றனர். ஆகவே பெற்றோர் முதலில் கிரெடிட் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். பரோ எனப்படும் நகரப் பிரிவு ஒவ்வொன்றிலும் உள்ள பரிந்துரை மையத்தில் அதைக் காட்டி ஆலோசனை பெற வேண்டும். அடுத்த இடத்தில் சேர்க்கை உறுதியாகும்வரை பழைய பள்ளியின் விலகல் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது.