கிரக வரிசையும் வேன் வாடகையும்

மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களில் உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள், வந்த இடத்திலேயே ஒரு வேனைப் பேசிக்கொண்டு நவக்கிரக ஸ்தலங்களைத் தரிசிக்கப் புறப்படுவது இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பிரதானமாக ஒன்றுதான்: எந்த ஸ்தலத்துக்குப் பின் எந்த ஸ்தலம் என்பதைப் பூகோளத்தைக் கொண்டு தீர்மானியுங்கள், கிழமை வரிசையைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள்.

இதைப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவே, குத்தாலத்தை அடுத்த அக்கா வீட்டுத் திண்ணையில் நான் சொன்னேன். அத்தான் இசையவில்லை. “ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு வரிசையாத்தான் தம்பி போகணும், முறை தப்பினா பலன் இல்லை” என்றார். விருந்தாளியாக வந்தவன் வீட்டுப் பெரியவர் வார்த்தையைத் தட்டுவது மரியாதையல்ல என்று நானும் அடங்கிப்போனேன்.

மற்ற ஆயத்தங்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லத் தேவையில்லை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் இலையில் கட்டியாயிற்று. தண்ணீர் கேன், பாய், அக்காவின் மருந்துப் பை, எல்லாம் விடியுமுன்பே வண்டியில் ஏறிவிட்டன.

சூரியனார்கோயில் ஆடுதுறைக்கு அருகில் இருப்பதால் காலைத் தரிசனம் சுகமாகவே நடந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கஞ்சனூரை, சுக்கிரனுடைய முறை இன்னும் வரவில்லை என்ற காரணத்தால் விட்டுவிட்டு, கும்பகோணத்தைக் கடந்து, திருவையாற்றுப் பக்கம் இருக்கும் திங்களூருக்குப் போனோம். அடுத்தது செவ்வாயாகையால், அங்கிருந்து வந்த வழியே திரும்பி, மயிலாடுதுறையையும் தாண்டி வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. சுவாமிக்குச் சமர்ப்பிக்க வாங்கிய உப்பும் மிளகும் பொட்டலத்திலேயே இருக்க, அதை மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய முழங்காலை நீட்டியபடி அக்கா மாலை நான்கு மணிவரை கோபுர வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு திருவெண்காட்டில் புதனைத் தரிசித்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் கீழப்பெரும்பள்ளத்துக் கேதுவை விட்டுவிட்டு, குருவைத் தேடி மறுபடியும் மேற்கே, கும்பகோணத்துக்கும் தெற்கே இருக்கும் ஆலங்குடிக்கு ஓடினோம். அங்கும் நடை அடைத்தாயிற்று. அக்கா வேண்டிக்கொண்டிருந்ததோ திருநள்ளாற்றில் ஓர் எள் தீபம். அது மட்டும் அன்று நடக்கவே இல்லை.

வரிசை தப்பினால் பலன் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சூரியனார்கோயில் ஒன்றே சூரியனுக்கென்று அமைந்தது. ஏனைய ஸ்தலங்களெல்லாம் சிவாலயங்கள், தத்தமக்கென்று தனி மஹிமை உடையவை. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து நபருக்கு 750 ரூபாய்க் கட்டணத்தில் நவக்கிரகச் சுற்றுப் பேருந்தைத் தொடங்கியபோது, மேற்கே திங்களூரில் ஆரம்பித்துக் கிழக்கே திருநள்ளாற்றில் முடிக்கும்படிதான் வழி வகுத்தது. அதில் போகிறவர்களுக்குப் பலன் குறைவு என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

வயதானவர்களோடு போவதானால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே உசிதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் திங்களூர், ஆலங்குடி. நடை சாத்தும் நேரத்தில் சாப்பாடும் ஓய்வும். ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை ஆகையால் அதற்குத் திருநாகேஸ்வரம் சேர்ந்தால் ராகுவுக்கு நடக்கும் பாலபிஷேகமும் கிடைக்கும். பிறகு கஞ்சனூர், சூரியனார்கோயில். மறுநாள் காலையில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், பகலில் பூம்புகார்க் கடற்கரை, மாலையில் திருநள்ளாறு. சனிக்கிழமையில் மட்டும் திருநள்ளாற்றுக்குப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது.

வேன்காரரிடமும் முன்னதாகவே பேசிவிடுங்கள். கிலோமீட்டர் கணக்கு உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, அவருடைய ஷெட்டிலிருந்தா என்று கேளுங்கள். டிரைவர் பேட்டா பகலுக்கு மட்டுமா, இரவுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். திருநள்ளாறு காரைக்காலைச் சேர்ந்தது. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதி. தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிமம் பெற்ற வாடகை வண்டி அங்கே நுழையத் தனி அனுமதி வேண்டும். எங்கள் வேன்காரர் அதை வாங்கி வைக்கவே இல்லை என்பது, ஓடிய தூரத்துக்கெல்லாம் கணக்குப் பார்த்துப் பணம் வாங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பின்னொரு நாள் அக்காவை மட்டும் அழைத்துக்கொண்டு, பேரளம் வழியாகப் பஸ்ஸிலேயே திருநள்ளாற்றுக்குப் போய் எள் தீபம் ஏற்றிவிட்டு வந்தோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த ஸ்தலத்தில் வேண்டுதலோ, அதைப் பிரயாணத்தின் கடைசிக்கு ஒத்திப்போடாமல், நடை திறந்திருக்கும் நேரம் பார்த்து முதலிலேயே குறித்துவையுங்கள்.