‘அட்டர்ன்’: ஒரு பழஞ்சட்ட வினைச்சொல்

‘பவர் ஆஃப் அட்டர்னி’ என்னும் தொடரைப் பத்திரப்பதிவு அலுவலகம் சென்று வந்தோருள் அறியாதார் இலர். அதனோடு ஒரே வேரில் கிளைத்த ‘அட்டர்ன்’ என்னும் வினையையோ ஆங்கிலேயருள்ளும் அறிந்தார் சிலரே. பழைய பிரெஞ்சு மொழியில் ‘திருப்புதல்’ என்னும் பொருளுடைய சொல்லே இரண்டிற்கும் தாய். ஒருவர் தம் காரியத்தை எவர்பால் திருப்பி ஒப்புவித்தாரோ அவர் அட்டர்னி. நிலம் கைமாறியபோது, குடியானவன் புதிய உடையவரைத் தன் உடையவராக ஏற்க இசைந்தால், அவன் ‘அட்டர்ன்’ செய்தான் என்பர்.

இசைவு என்பதே இச்சொல்லின் உயிர்நிலை. இடைக்கால இங்கிலாந்தில் நிலவுறவு இருதரப்புக் கடப்பாடாகக் கருதப்பட்டது. உடையவர் தம் உரிமையைப் பிறர்க்கு விற்பினும், குடியின் இசைவின்றி அம்மாற்றம் நிறைவுறாது. பகைவனையே தலைவனாக ஏற்குமாறு ஒருவனைப் பணித்தல் முறையன்று என்பது இதற்குப் பிளாக்ஸ்டன் காட்டும் காரணம். இசைவின் அடையாளமாக ஒரு பென்னியைப் புதியவர் கையில் கொடுத்தாலும் போதும். மறுக்கும் குடியை நீதிமன்ற வழியே இசைவிக்கவும் இடமிருந்தது. ஆதலால் அவ்வுரிமையை மிகைப்படுத்திப் போற்றுதல் வேண்டா.

1705ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விசைவைத் தேவையற்றதாக்கியது. நம் நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவும் அவ்வழியினதே. கடைக்கட்டடம் விற்கப்பட்டால், வாடகைக்கு இருப்பவர் ஒப்பினும் ஒப்பாவிடினும் வாங்கியவரே உடையவர் ஆவார். ஆயினும், விற்பனை நிகழ்ந்ததை அறியக் காரணமின்றிப் பழைய உடையவரிடம் வாடகை செலுத்தியவர், அதனை மீண்டும் செலுத்த வேண்டுவதில்லை. குடிக்கு எஞ்சிய காப்பு இது.

சொல் மட்டும் மறையவில்லை. கனடா நாட்டு நீதிமன்றங்களில், ஒரு மன்றத்தின் விசாரணை அதிகாரத்திற்கு வழக்காடி உட்படுதலை இவ்வினையாலேயே இன்றும் குறிக்கின்றனர்.

தமிழாக்குவோர் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். இதனை ‘ஒப்படைத்தார்’ எனப் பெயர்த்தால், வாடகைக்கு இருந்தவர் கட்டடத்தை விட்டு நீங்கினார் என நேர்மாறான பொருள் பிறக்கும். அவரோ அங்கேயே இருக்கிறார், மாறியவர் உடையவரே. ‘இசைந்தார்’ என்றாலோ யாருக்கு, எதற்கு என்பது விளங்காது. ‘புதிய உடையவரை ஏற்றார்’ என்பது சற்று நீளமே. எனினும் வழக்கு மன்றத்தில் குடியிருப்பவரின் நிலையைப் பிழையின்றிக் காட்டுவது அதுவே.