வீட்டுக் கணினியும் வாயிற் காவலும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவன் எழுதியது)

முன்னுரை

குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும், இரசிகமணி டி.கே.சி.யும் வாழ்ந்து புகழ் சேர்த்த குற்றாலத்தின் மடியில் இருந்துகொண்டு கணினியைப் பற்றியா எழுதுவது என்று சிலர் எண்ணக்கூடும். சாரலைப் பற்றியும் தென்றலைப் பற்றியும் அழகுற எழுத நம் கல்லூரியில் நண்பர்கள் பலர் உளர். எங்கள் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பும், அதனால் நான் கற்ற பாடமுமே இக்கட்டுரை. வீட்டில் இரண்டு கணினிகளை இணைத்துக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் செய்த தவறு

என் தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. தாய் பீடி சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் ஒரு பழைய கணினியும், அடுத்த வீட்டில் பெரியப்பா மகனான அண்ணனிடம் ஒரு மடிக்கணினியும் உண்டு. இரு வீட்டுக்கும் ஒரே வைஃபை. ஒவ்வொரு முறையும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு அலைவானேன் என்று, என் கணினியில் ஒரு கோப்புறையைப் பொதுவாக்கினேன். கடவுச்சொல் கேட்டுத் தொல்லை கொடுத்ததால் அதை நீக்கினேன். 'எல்லோரும் படிக்கலாம், எல்லோரும் எழுதலாம்' என்று அனுமதியும் கொடுத்தேன். வேலை எளிதாயிற்று. பெருமையாகவும் இருந்தது.

சாரல் காலத்தில் உறவினர் சிலர் குளிக்க வந்திருந்தனர். அவர்களுள் ஒருவர் தம் மடிக்கணினியை எங்கள் வைஃபையில் இணைத்தார். விலை கொடாமல் எங்கோ இறக்கிய ஒரு மென்பொருளோடு அதில் ஒரு தீநிரல் குடியேறியிருந்தது அவருக்கே தெரியாது. மறுநாள் காலை, நான் பொதுவாக்கிய கோப்புறையிலிருந்த ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது.

அம்மாவின் வருங்கால வைப்புநிதித் தாள்களையும் அக்காவின் சான்றிதழ்களையும் மீண்டும் ஸ்கேன் செய்துகொண்டோம். ஆனால் ஆச்சி இறப்பதற்கு முன்பு அவர் பாடிய தாலாட்டைச் செல்பேசியில் பதிவு செய்து, அந்தக் கோப்புறையில்தான் வைத்திருந்தேன். செல்பேசி பழுதானபின் வேறு படி எங்குமில்லை. அந்தக் குரல் போயிற்று.

வந்தவரைக் குறை கூறத் தொடங்கினேன். அம்மா முறத்திலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "கதவைப் பூட்டாமப் படுத்துட்டு, கள்ளனைக் குத்தம் சொன்னா ஆகுமால?"

எந்தக் கதவு என்று அம்மாவுக்குத் தெரியாது. உண்மையில் எனக்கும் அன்று தெரியாது. அதன்பிறகே தேடிப் படித்தேன்.

போர்ட் என்பது யாது?

வலையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரிக்கு வரும் செய்தி எந்தப் பணிக்குரியது என்று பிரித்தறிய உதவும் எண்ணே போர்ட். வீட்டின் கதவிலக்கம் முகவரி என்றால், அவ்வீட்டின் பல வாயில்களே போர்ட்டுகள் எனலாம். 0 முதல் 65,535 வரை இவ்வெண்கள் உள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80, பாதுகாக்கப்பட்ட இணையப் பக்கங்களுக்கு 443 என்று வழக்கமான எண்கள் உண்டு. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்.எம்.பி. என்னும் முறைக்கு உரியது 445. அதற்கு முந்திய முறையில் 137, 138, 139 ஆகியவை பயன்பட்டன.

ஒரு போர்ட் எண் இருப்பதனாலேயே ஆபத்து இல்லை. அவ்வாயிலில் ஒரு நிரல் காத்திருந்து, வருவோர்க்கு விடை தரும்போதே அது 'திறந்த' போர்ட் ஆகிறது. கணினியின் கட்டளைத் திரையில் 'netstat -an' என்னும் கட்டளையை இட்டால், காத்திருக்கும் வாயில்களின் பட்டியல் கிடைக்கும். நான் பார்த்தபோது 135, 139, 445 ஆகியவை வரிசையாக நின்றன.

உலகை உலுக்கிய 445

இந்த 445-ஆம் வாயில் ஒருமுறை உலகையே நடுங்க வைத்தது. 2017 மே 12-ஆம் நாள் 'வன்னாகிரை' என்னும் பிணைப்பணத் தீநிரல் பரவத் தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கியது. எவரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. 445 திறந்திருந்து, எஸ்.எம்.பி.யின் பழைய முதற்பதிப்பில் இருந்த ஓட்டை அடைக்கப்படாமல் இருந்தால், அது தானாகவே அடுத்த கணினிக்குத் தாவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் மேற்கு மலைக்கு அப்பாலுள்ள பத்தனம்திட்டை மாவட்டத்தில் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தின் கணினிகளும் தப்பவில்லை. 22 வயதே ஆன மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற ஆங்கில இளைஞர், அந்நிரல் தேடிக்கொண்டிருந்த ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்ததால் அதன் வேகம் தணிந்தது.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. பூட்டு கைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியும் பலர் அதை மாட்டவில்லை.

பொங்குமாகடல் தரும் பாடம்

நம் குற்றாலப் பேரருவியில், மேலிருந்து பாயும் நீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. இடையிலுள்ள பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்த பின்னரே கீழிறங்குகிறது. வீட்டிலுள்ள ரூட்டரும் அத்தகையதே. வெளி இணையத்திலிருந்து, நாம் அழைக்காமல் வரும் தொடர்புகளை அது பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

ஆனால் அருவிக்கடியில் நிற்பவர்களே ஒருவரையொருவர் தள்ளினால் பொங்குமாகடல் என் செய்யும்? எங்கள் வீட்டில் நடந்தது அதுவே. தீநிரல் ரூட்டரைத் தாண்டி வரவில்லை. விருந்தினராக உள்ளேயே இருந்தது. அது எந்த ஓட்டையையும் துளைக்கவுமில்லை. 'எல்லோரும் எழுதலாம்' என்று நானே கொடுத்த அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டது.

உள்ளிருப்போரையும் பிரித்து வைப்பதன் பயனைக் கூடங்குளம் காட்டியது. 2019-ல் அங்கு நிர்வாக வலையில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை, அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30-ஆம் நாள் ஒப்புக்கொண்டது. இணையத்தோடு தொடர்புள்ள அந்த வலை, இன்றியமையா உள்வலையிலிருந்து தனித்துப் பிரிக்கப்பட்டிருந்ததாகவும் அது விளக்கியது. மின் நிலையத்துக்குப் பொருந்தும் இந்நெறி, இரண்டு கணினி உள்ள வீட்டுக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

1. வட்டு முழுவதையும் பகிராமல், தேவையான ஒரு கோப்புறையை மட்டும் பகிர்க. 'எல்லோரும்' என்பதை நீக்கி, இன்னாருக்கு என்று பெயரும் கடவுச்சொல்லும் வைக்க.

2. படித்தால் போதும் என்பவர்க்குப் படிக்கும் அனுமதி மட்டும் தருக.

3. வீட்டு வலையைத் 'தனியார்' என்றும், விடுதி, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் வலையைப் 'பொது' என்றும் கணினியில் குறிக்க. பொது என்றால், பகிர்வுக்கான வாயிலை விண்டோஸ் தானே மூடிவைக்கும்.

4. எஸ்.எம்.பி. முதற்பதிப்பை நிறுத்துக. திருத்தங்களைத் தள்ளிப் போடாதீர்.

5. வெளியூரிலிருந்து கோப்பை எடுக்கலாம் என்று ரூட்டரில் 445-ஐ வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது. அவ்வாறு தேவைப்படுவோர் வி.பி.என். வழியே வருவதே முறை. ரூட்டரோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றுக.

6. விருந்தினர்க்குத் தனி வைஃபை தருக. பெரும்பாலான ரூட்டர்களில் இவ்வசதி உண்டு.

7. இழக்கக்கூடாதவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து, அவ்வட்டைக் கழற்றி வைக்க. இணைந்தே இருக்கும் வட்டையும் தீநிரல் விழுங்கிவிடும்.

முடிவுரை

கதவே இல்லாத வீடு சிறைக்கு ஒப்பாகும். பகிர்வதற்காகவே கணினிகளை இணைக்கிறோம். ஆகவே வாயில் திறந்திருப்பது குற்றமன்று. அது யாருக்காக, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அறியாமல் இருப்பதே குற்றம்.

நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். கணினியில் நாம் எதைச் செய்தாலும் "பிள்ளை படித்தவன், சரியாகத்தான் செய்வான்" என்று பெற்றோர் நம்புகிறார்கள். வீட்டின் பத்திரங்களும் நினைவுகளும் இன்று நம் கையில் இருக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு நாமே வாயிற்காவலர்.

இதைப் படித்த நண்பர்கள் இன்று மாலை வீடு சென்றதும், தங்கள் பகிர்வுக் கோப்புறையில் 'எல்லோரும்' என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். அதை நீக்க இரண்டு நிமிடம் போதும். ஆச்சியின் குரலை மீட்க எனக்கு வழியில்லை. உங்கள் வீட்டுக் குரல்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.