சுங்கத்துக்கு எழுதும் முதல் பதில்

வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வந்த பொதி சுங்கத் துறையிடம் நின்றுவிட்டால், அது நிறுத்திவைக்கப்பட்டதா, கைப்பற்றப்பட்டதா என்பதையே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பையோ அனுமதியையோ பற்றிய ஐயம் தீரும்வரை பொருளை விடுவிக்காமல் வைத்திருப்பது நிறுத்திவைப்பு. பொருள் பறிமுதலுக்கு உரியது என்று நம்பக் காரணம் இருக்கும்போது, 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்கீழ் அதிகாரி அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது கைப்பற்றல். முன்னதைத் தீர்க்கப் பெரும்பாலும் ஒரு கடிதமும் சில ஆவணங்களும் போதும். பின்னதற்கோ அறிவிப்பு, விசாரணை, ஆணை என்று நீண்ட வழி உண்டு. முன்னதில் இருந்த பொதி பின்னதற்குப் போய்ச் சேரப் பெறுநரின் ஒரே கடிதம் காரணமாகலாம் என்பதை இக்கட்டுரையாளர் பெரும் விலை கொடுத்தே அறிந்தார்.

இக்கட்டுரையாளருக்கு வந்த பொதியில் இருந்தவை கார்பன் இழையாலான வயலின் வில் ஒன்றும் தந்தித் தொகுதிகள் மூன்றும் ஆகும். மார்கழிக் கச்சேரிகளுக்காக அவர் பணம் அனுப்ப, ஜெர்மனியில் வாழும் மைத்துனர் அவற்றை 380 யூரோவுக்கு வாங்கினார். ஆனால் பொதியுடன் இணைக்கும் சுங்க அறிவிப்புப் படிவத்தில் ‘அன்பளிப்பு, 40 யூரோ’ என்று நிரப்பி அனுப்பினார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், வரி விழாது என்பது அவர் கூறிய காரணம். அக்காரணம் காலாவதியான ஒன்று. 20,000 ரூபாய்வரையிலான அன்பளிப்புக்கு முன்பு வரிவிலக்கு இருந்தது உண்மை. ஆயினும் 2019 டிசம்பர் 12 அன்று அயல்வணிகத் தலைமை இயக்குநரகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் தவிர, அஞ்சலிலோ கூரியரிலோ வரியின்றி அன்பளிப்புப் பொருள் இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டுவிட்டது. முழு வரி செலுத்தினால் அன்பளிப்பும் வரலாம் என்பதால், அச்சொல் இன்று எச்சலுகையையும் தருவதில்லை. அதிகாரியின் கண்ணைப் பொதியின்மேல் நிறுத்துவது ஒன்றே அதனால் விளையும் பயன்.

படிவத்தில் நேர்ந்த பிழை அனுப்பியவருடையது. அதைவிடப் பெரிய பிழை பெறுநருடையது. நவம்பர் இறுதியில் பொதி நிறுத்திவைக்கப்பட்டு, மதிப்புக்குச் சான்று கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, உண்மையைச் சொல்லித் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு முழுமையாகத் திறந்திருந்தது. சொன்னதை மாற்றினால் ஐயம் கூடும் என்ற மைத்துனரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, 40 யூரோவே சரியான மதிப்பு என்று இக்கட்டுரையாளர் கையெழுத்திட்டுப் பதில் அனுப்பினார். சில நாள் கழித்துப் பொதி பிரிக்கப்பட்டபோது, கடையின் 380 யூரோ பில் வில்லின் உறைக்குள்ளேயே இருந்தது. உத்தரவாதத்துக்காக அதை உள்ளே வைத்ததை அனுப்பியவர் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அறிவித்த மதிப்பின் உண்மையில் நியாயமான ஐயம் எழுந்தால் அதை ஏற்க மறுக்க, 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 12ஆம் விதி அதிகாரிக்கு இடமளிக்கிறது. அம்மட்டில் நின்றிருந்தால் உயர்ந்த மதிப்புக்கு வரி கட்டியதோடு முடிந்திருக்கும். பொய்யான மதிப்பு எழுத்தில் உறுதிசெய்யப்பட்டிருந்ததால் பொதி கைப்பற்றப்பட்டது. பறிமுதலுக்கு முன் விளக்கம் கோரும் அறிவிப்பு தரப்பட வேண்டும் என்கிறது 124ஆம் பிரிவு. உரியவர் கேட்டுக்கொண்டால் அறிவிப்பும் விளக்கமும் வாய்மொழியாகவே அமையலாம் என்பதும் அதிலேயே உள்ளது. காலம் மிச்சமாகும் என்று இக்கட்டுரையாளர் வாய்மொழி விசாரணையையே கேட்டார். பில்லை மறுக்க ஏதுமில்லாத நிலையில் அம்முடிவு சரியானதே. 125ஆம் பிரிவின்படி பறிமுதலுக்குப் பதிலாக மீட்புத் தண்டம், அதாவது பொருளைத் திரும்பப் பெறுவதற்கான தொகை, விதிக்கப்பட்டது, அபராதம் தனி. இவ்விரண்டும் சேர்ந்து வரியையே மிஞ்சின. பொதி கைக்கு வந்தபோது ஜனவரி நடுப்பகுதி ஆகிவிட்டதால், கச்சேரிகள் அனைத்தும் இரவல் வில்லிலேயே வாசிக்கப்பட்டன.

எஞ்சிய நடைமுறை எளிது. அடையாளச் சான்று, கடைப் பில், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, பொருளின் பயனைக் கூறும் கடிதம் ஆகியவற்றை ஒரே கட்டாக ஒப்படைத்து, ஒப்புகை முத்திரை பெற வேண்டும். முத்திரை பெறாமல் கொடுத்ததால் இக்கட்டுரையாளரிடம் ஒரே நகல் மூன்று முறை கேட்கப்பட்டது. பொருளின் விலையோடு அஞ்சல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகையே வரிக்கு அடிப்படை என்பதால், கணக்கைப் பில்லின் தொகையோடு நிறுத்திவிடக் கூடாது. மதிப்பீட்டில் உடன்பாடு இல்லாதவர் காரணங்கூறும் ஆணையை எழுத்தில் கேட்டுப் பெற்று, 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பு எதுவாயினும் மோசடியே.

முகவரை அமர்த்தியிருந்தால் விரைந்து முடிந்திருக்கும் என்று பின்னர் அறிவுரைத்தவர் பலர். கையெழுத்திட்ட பொய்யை எம்முகவராலும் திரும்பப் பெற்றிருக்க முடியாது; தாமே அலைந்ததால்தான் எத்தொகை எப்பிரிவின்கீழ் விதிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரையாளர் அறிந்தார். வெளிநாட்டு உறவினர்வழிப் பொருள் வரவழைப்போர், நிரப்பிய படிவத்தையும் பில்லையும் அருகருகே வைத்து எடுத்த படத்தைப் பெட்டி மூடப்படும் முன்பே கேட்டு வாங்கி, இரண்டிலும் ஒரே தொகை இருந்தாலன்றி அனுப்பவிடக் கூடாது. நாற்பது யூரோ என்பது சிறு உதவி என்றே மைத்துனர் இன்றும் கூறிவருகிறார். ஆயினும் விசாரணை மேசையில் அதற்கு விடை சொல்ல நின்றவர் கடிதத்தில் கையெழுத்திட்டவரே.