மூச்சோடு நகரும் கட்டி

அகத்தியர் மலையடிவாரத்துப் போனக்காட்டிலிருந்து, 1981-ல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நுரையீரல் கட்டிக்கு வழக்கமான கதிர்ச் சிகிச்சை ஆறு வாரங்கள், வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் நடைபெறும். தினக்கூலி பெறும் மலைப்பகுதித் தொழிலாளிக்கு இது பெரும் இழப்பாகும்.

தவணைகள் நீள்வதற்குக் கட்டியின் நகர்வும் ஒரு காரணம். நுரையீரலின் கீழ்ப்பகுதிக் கட்டி மூச்சோடு 1 சென்டிமீட்டருக்கு மேலும் நகரக்கூடும். அந்நகர்வு முழுவதையும் உள்ளடக்கிக் கதிர் பாய்ச்சினால் நலமான திசுவும் தாக்கப்படும். எல்லையைக் குறுக்கினால் கட்டி தப்பிவிடும்.

இங்குக் கணிப்பொறி துணைபுரிகிறது. நாற்பரிமாண சி.டி. முறையில் மூச்சின் சுழற்சி, பெரும்பாலும் 10 கட்டங்களாகப் பிரித்துப் படமாக்கப்படுகிறது. அப்படங்களை ஒப்பிட்டுக் கணிப்பொறி கட்டியின் பாதையைக் கணிக்கிறது. சிகிச்சையின்போது கேமரா மார்பின் அசைவைக் கவனிக்கும். இடையிடையே எடுக்கப்படும் எக்ஸ்ரே படங்கள் கட்டியின் இடத்தைச் சரிபார்க்கும். கட்டி குறித்த இடத்திற்கு வரும்போது மட்டும் கதிர் பாய்ச்சுவது ஒரு முறை; 'சைபர்நைஃப்' கருவியைப் போல் கட்டியைப் பின்தொடர்ந்து பாய்ச்சுவது மற்றொரு முறை.

இத்துல்லியத்தால், தொடக்க நிலையிலுள்ள சிறு கட்டிகளுக்கு மூன்று முதல் ஐந்து தவணைகளிலேயே சிகிச்சையை முடிக்க இயலும். ஆனால் முற்றிய கட்டிக்கு இச்சலுகை பெரும்பாலும் இல்லை. எனவே கருவிக்கு ஒதுக்கப்படும் நிதியோடு, மலைக்கிராமங்களில் நோயை முன்னரே கண்டறியும் பணிக்கும் நிதி ஒதுக்குதல் இன்றியமையாதது.