பழைய அம்பாசடருக்குக் கூடுதல் வலு

அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு வலுவூட்ட விரும்புவோர், செலவில் இறங்குமுன், ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது உள்ளே எழும் அழுத்தம், எவ்வளவு என்பதைக் கருவி கொண்டு அளந்தறிதல் வேண்டும். ஒன்றில் மட்டும் அழுத்தம் தாழ்ந்திருந்து, அதில் சிறிது ஆயில் விட்டதும் உயருமாயின் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது என்றும், உயராவிடில் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு உள்ளது என்றும் கொள்ளலாம். இழந்த வலுவை மீட்காமல் புதிய வலுவைத் தேடுவது வீண்.

அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும், பிரிட்டனின் எம்.ஜி.பி. காரிலிருந்த 1798 சி.சி. எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தவை. பிஸ்டன் பயணிக்கும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டிலும் 88.9 மி.மீ.தான், சிலிண்டரின் விட்டமான போர் மட்டுமே 73-இலிருந்து 80 மி.மீ.க்குச் சற்று மேலாக வளர்ந்தது. அதற்காகப் பழைய பிளாக்கை அந்த அளவுக்குக் குடைந்தால் சிலிண்டர்ச் சுவர் தாங்காது.

ஆகவே, 1990-களின் அம்பாசடரில் ஐந்து கியர் பெட்டியுடன் வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை முழுமையாகப் பொருத்துவதே மேலானது. எஞ்சினை மாற்றுவோர் பிரேக்கையும் வலுப்படுத்தி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலக அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள வேண்டும்.